ராக் கேட்கிறவன், மேட்ச் பார்க்கிறவன்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கறுப்பு டி-ஷர்ட்டைப் பார்த்துவிட்டும், வண்டியில் ஓடுகிற பாட்டைக் கேட்டுவிட்டும் ஆட்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஐந்து ரோட்டு டீக்கடையில் கேட்பதையே கல்யாண மண்டபப் பந்தியில் சித்தப்பாவும் கேட்கிறார். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லி மாளவில்லை. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். நான் இசைக்காரனும் இல்லை, ஆட்டக்காரனும் இல்லை, ரசிகன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் ராக் எல்லாம் யார் கேட்கிறார்கள்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் ஒரு காரணம், பெங்களூர் பக்கத்தில் இருப்பது இன்னொரு காரணம். இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறவன் முதல் வருடம் பைக் வாங்குவான், அடுத்த வருடம் கிட்டார் வாங்குவான், அதற்கடுத்த வருடம் கிட்டாரைக் கொண்டுவந்து அம்மா வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போவான். அதை இறக்கித் துடைத்துக் கம்பி மாற்றுகிற தம்பிதான் உண்மையான ராக் ரசிகன் ஆகிறான். செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் இப்படிப்பட்ட தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் போர்டிங் ஸ்கூல்களில் மேற்கத்திய இசை ரொம்ப காலமாகவே இருக்கிறது. நடிகர் விக்ரம் படித்தது, 1917ல் தொடங்கிய அங்குள்ள மான்ட்ஃபோர்ட் பள்ளியில்தான்.

வெறும் சத்தம்தானே அது?

சத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது இந்த ஊரில் இருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. குகையில் வண்டி வேடிக்கை போகும்போது பேண்டு செட்டில் டிரம் அடிக்கிற அண்ணனைக் கவனியுங்கள். வலது கை ஓயாமல் பொடிப்பொடியாக அடித்துக்கொண்டே இருக்கும்; இடது கை மட்டும் ஒரு இடத்தில் ஓங்கி விழும். கூட்டம் தோளைக் குலுக்குவது அந்த இடது கைக்குத்தான். ராக்கிலும் இதே கதைதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால், கால் டிரம் ஒன்றிலும் மூன்றிலும் விழும், கை டிரம் இரண்டிலும் நான்கிலும் வெடிக்கும். அதன்மேல் கிட்டார் ஒரு சின்ன வரியை வாசிக்கும், மறுபடி வாசிக்கும், விடாமல் வாசிக்கும். அந்த வரிக்குப் பெயர் ரிஃப். நல்ல ரிஃப் என்றால் வாத்தியமே தெரியாதவன்கூட வாயாலேயே வாசித்துவிடுவான்.

எங்கள் ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டிரம் நன்றாக இருந்தால் "இவன் பரவாயில்ல" என்பார். எனக்கு அந்த விமர்சனம் போதும்.

ராக்குக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இரண்டையும் சேர்த்தே பேசுகிறீர்கள்?

இரண்டும் கூட்டத்தை வைத்து நடப்பவை, அதனால். கூட்டம் இல்லாத கச்சேரி ஒத்திகை. கூட்டம் இல்லாத மேட்ச் பயிற்சி ஆட்டம். கூட்டம் அங்கே வேடிக்கை மட்டும் பார்ப்பதில்லை, அதுவும் ஒரு வாத்தியம். இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் குயீன் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே.

1977ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் ஊரில், பிங்லி ஹால் என்ற அரங்கில் குயீன் கச்சேரி. குழு மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையவில்லை. 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட ஆரம்பித்துவிட்டது. அது குயீன் பாட்டே இல்லை. 1945ல் ஒரு அமெரிக்க மேடை நாடகத்துக்காக எழுதியது. 1963ல் லிவர்பூலைச் சேர்ந்த ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழு பாடிய பிறகு, அந்த ஊர் ஃபுட்பால் ரசிகர்கள் மைதானத்தில் பாடிப் பாடித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ராக் கச்சேரிக்கு வந்தவர்கள் ஃபுட்பால் பாட்டைப் பாடி வாசித்தவர்களுக்கே மரியாதை செய்கிறார்கள். மே யோசித்தார்: இப்படி நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தால் என்னதான் செய்ய முடியும்? காலால் தரையை மிதிக்கலாம், கையைத் தட்டலாம், பாடலாம். அவ்வளவுதான். அந்த மூன்றை மட்டும் வைத்து அவர் எழுதியதுதான் 'வீ வில் ராக் யூ'.

இரண்டு மிதி, ஒரு தட்டு, ஒரு இடைவெளி. அந்தப் பாட்டில் டிரம் செட் கிடையாது, பேஸ் கிட்டார் கிடையாது; மேயின் கிட்டாரே கடைசியில்தான் வருகிறது. ஒரு காலத்தில் சர்ச்சாக இருந்த ஸ்டுடியோவில், மரப்பலகைகள்மேல் நாலைந்து பேர் மிதித்துத் தட்டியதைப் பலமுறை பதிவு செய்தார்கள். ஒவ்வொரு பதிவையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். எதிரொலி போலக் கேட்கக் கூடாது, ஆயிரம் பேர் தூரத்திலும் பக்கத்திலுமாக நிற்பது போலக் கேட்க வேண்டும். அதற்காக அந்த இடைவெளிகளைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தாராம் மே. மனிதர் இயற்பியல் படித்தவர், 2007ல் வான் இயற்பியலில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். இன்றைக்கு நம் காந்தி ஸ்டேடியத்தில் சிமென்ட் படியில் உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், குயீன் யாரென்றே தெரியாமல், தம் தம் டக் என்று மிதித்துத் தட்டுகிறார்கள் என்றால் வேறென்ன சான்று வேண்டும்?

ஃபுட்பாலில் எல்லா நாட்டுக்காரனும் "ஓ... ஓ ஓ ஓ ஓ... ஓ" என்று ஒரே மெட்டைப் பாடுகிறானே, அது என்ன?

'செவன் நேஷன் ஆர்மி'. அமெரிக்காவின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு 2003ல் வெளியிட்டது. கேட்டால் பேஸ் கிட்டார் மாதிரி இருக்கும். உண்மையில் சாதாரண கிட்டாரை ஒரு பெடல் வழியாகக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கியிருக்கிறார் ஜாக் ஒயிட். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹா அணி மிலானுக்குப் போய் ஏசி மிலானை 1-0 என்று ஜெயித்தது. அதன் ரசிகர்கள் மிலான் பாரில் கேட்ட அந்த ரிஃப்பை மைதானம் வரைக்கும் இழுத்து வந்து, ஊருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களிடமிருந்து இத்தாலிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2006 உலகக் கோப்பையை இத்தாலி ஜெயித்தபோது தெருவெல்லாம் அதுதான். கவனியுங்கள், அந்தக் கூட்டம் பாடுவது பாட்டின் வரியை இல்லை, கிட்டார் வாசித்ததை. மொழி குறுக்கே வராததால் அது எல்லை தாண்டிவிட்டது.

பவுலர் வரும்போது பாட்டுப் போடுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது?

இதில் அமெரிக்க பேஸ்பால்காரர்கள் கில்லாடிகள். அங்கே ஆட்டத்தின் கடைசியில் மட்டும் வந்து முடித்துக்கொடுக்கிற ஒரு பந்து வீச்சாளர் உண்டு. நம்மூரில் டெத் ஓவர் போடுகிறவர் மாதிரி. சான் டியாகோ அணியின் ட்ரெவர் ஹாஃப்மன் 1998லிருந்து ஏசி/டிசி குழுவின் 'ஹெல்ஸ் பெல்ஸ்' ஒலிக்க உள்ளே வந்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டு மணிச் சத்தத்தில் தொடங்கும். அதற்கென்றே பெரிய வெண்கல மணி ஒன்றை வார்க்கச் சொன்னார்கள். டங்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... டங். எதிரே மட்டையோடு நிற்கிறவனுக்கு வயிறு கலங்குமா கலங்காதா?

நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேராவுக்கு 1999லிருந்து மெட்டாலிகா குழுவின் 'என்டர் சாண்ட்மேன்'. வேடிக்கை என்னவென்றால் ரிவேரா மெட்டாலிகா ரசிகரே இல்லை. பக்திப் பாடல் கேட்கிற மனிதர். பாட்டைத் தேர்ந்தெடுத்தது மைதான ஊழியர்கள். 2013ல் அவர் ஓய்வு பெறும்போது மெட்டாலிகாவே மைதானத்துக்கு வந்து வாசித்தது.

சரி, நம்ம நடராஜனுக்கு என்ன பாட்டுப் போடுவீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். எதுவும் போட மாட்டேன்.

சொல்கிறேன். தாரமங்கலம் தாண்டி சின்னப்பம்பட்டியிலிருந்து வந்தவர் தங்கராசு நடராஜன். அப்பா தறி வேலை, அம்மா ரோட்டோரம் சிக்கன் கடை. பழகியது டென்னிஸ் பந்து. டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: அந்தப் பந்து ரொம்ப எகிறும். குட்டையாகப் போட்டால் நின்று நிதானமாக அடிப்பான். கொஞ்சம் தூக்கிப் போட்டால் பந்து பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில். எகிறவே விடாமல் அடிமட்டையில் செருகுவது ஒன்றுதான் வழி. மட்டையின் நுனிக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு சாண் இடம், அங்கே இறக்க வேண்டும். அதுதான் யார்க்கர். ஊர் டோர்னமென்ட்டில் மைக் பிடித்த அண்ணன் "அடுத்த ஓவர், அடுத்த ஓவர்" என்று கத்திக்கொண்டிருக்க, அதற்கு நடுவே பழகிய கை அது. யார்க்கரை அகாடமியில் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அவருடைய வயிற்றுப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டது.

2015ல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு அவருடைய பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளப்பினார்கள். கையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். தமிழ்நாட்டின் டி20 லீக்கான டி.என்.பி.எல்லில் கவனம் பெற்றார், 2017ல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 ஐ.பி.எல் எலிமினேட்டரில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை இன்னும் எத்தனை பேர் போனில் வைத்திருக்கிறார்கள்! கொரோனா காலம், அமீரகத்தில் நடந்த போட்டி. மைதானத்தில் ஆளில்லை, பதிவு செய்த கூட்டச் சத்தத்தைத்தான் டிவியில் கலந்து விட்டார்கள். நல்ல வேளை, தாரமங்கலம் பக்கம் எழுந்த சத்தம் நிஜமானது. அதே வருடம் வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக ஆஸ்திரேலியா போனவர், ஒரு நாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் அறிமுகமானார். இந்தியாவில் வேறு யாரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் காபாவில் முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட்.

அவர் ஓடி வரும்போது ஸ்பீக்கர் அணைந்திருக்க வேண்டும், கூட்டம் மட்டும் தட்ட வேண்டும். ஓட்டம் கூடக் கூட தட்டலும் வேகம் பிடிக்கும், பந்து கையை விட்டதும் ஒரு நொடி எல்லாம் நின்றுவிடும், அப்புறம் ஸ்டம்ப். எந்தக் குழுவாலும் இதைவிட நல்ல ரிஃப் எழுத முடியாது.

அப்படியானால் வாழப்பாடி மைதானத்தில் டிஜே வைப்பது உங்களுக்குப் பிடிக்காதா?

வாழப்பாடி மைதானம் பிடிக்கும். 2020ல் திறந்தபோது ராகுல் திராவிட் வந்திருந்தார். சுற்றிலும் மலை, நடுவில் பச்சைப்பசேல் புல், சேலத்துக்காரனுக்கு டி.என்.பி.எல் பார்க்கச் சேப்பாக்கம் போக வேண்டிய அவசியம் குறைந்தது. டிஜேதான் பிடிக்காது. எந்த ஊர் டிஜேயும் சரி. ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் பத்து நொடிப் பாட்டு, நாலு என்றால் ஒரு பாட்டு, வைடு என்றால் ஒரு கிண்டல் பாட்டு. கூட்டம் தானாக ஒரு தாளத்தைப் பிடித்து மேலே ஏறப் போகிற சமயத்தில் ஸ்பீக்கர் வந்து அதன் தலையில் உட்காரும். பசங்க கொண்டுவந்த தப்பும் விசிலும் அதோடு அடங்கிவிடும். ஓவர் முடிந்தால் பாட்டுப் போடட்டும். ஓவருக்குள் கூட்டத்துக்கு விட்டுவிட வேண்டும்.

பாட்டைக் கூட்டத்திடம் விட்டால் என்ன லாபம்? ஆட்டக்காரனுக்கு அது கேட்குமா?

உயரம் தாண்டுகிறவர்களைப் பாருங்கள். ஓடத் தொடங்கும் முன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டுவார்கள். ரசிகர்களும் கூடத் தட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். ஓட்டத்தின் அடிகள் அந்தத் தட்டலில் ஏறி வரும்.

நம் மாரியப்பன் தங்கவேலு பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்தது டோக்கியோ. கொரோனா, பார்வையாளர் யாருமில்லை, போதாக்குறைக்கு மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து ஒட்டிக்கொண்டு தாவ விடவில்லை என்று பிறகு சொன்னார். 1.86ல் வெள்ளி. 2024 பாரிஸில் 1.85ல் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய இந்தியர் அவருக்கு முன் யாரும் இல்லை. டோக்கியோவில் மழையை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் தட்டுவதற்கு அறுபதாயிரம் கை இருந்திருந்தால் என்று எனக்கு இன்னும் ஒரு ஆதங்கம். கணக்கில் வராத ஆதங்கம்தான், இருந்தாலும்.

விளையாட்டு வீரர்கள் யாராவது ராக் வாசிப்பார்களா?

வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்காரர்கள் இருவர்: கர்ட்லி அம்புரோஸ் பேஸ் கிட்டார், ரிச்சி ரிச்சர்ட்சன் ரிதம் கிட்டார். இருவரும் ஆன்டிகுவாவில் ஒரே குழுவில் வாசித்தவர்கள். ஆறரை அடிக்கும் மேலான அம்புரோஸ் கையில் பேஸ் கிட்டாரே சின்னதாகத் தெரியும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பிரெட் லீ தன் அண்ணன் ஷேனோடு சேர்ந்து சிக்ஸ் அண்ட் அவுட் என்று ஒரு குழு வைத்திருந்தார். டென்னிஸில் ஜான் மெக்கன்ரோ கிட்டார் பைத்தியம், ஆனால் ராக்கெட்தான் அவருடைய வாத்தியம் என்று விட்டுவிடலாம்.

ராக்காரர்கள் விளையாட்டு பார்ப்பார்களா?

பார்ப்பார்களாவா! ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் கிரிக்கெட் வெறியர். 1997ல் ஷார்ஜா மேட்ச்சுகளை இன்டர்நெட்டில் ஒலிபரப்ப ஒரு கம்பெனியே வைத்தார். அந்தக் காலத்தில் நம்ம வீட்டில் டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம். அயர்ன் மெய்டன் குழுவின் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸ் சிறுவயதில் வெஸ்ட் ஹாம் ஃபுட்பால் அணியில் தேர்வுக்குப் போனவர். அந்த அணிச் சின்னத்தை இன்றைக்கும் தன் பேஸ் கிட்டாரில் வைத்திருக்கிறார். அதே குழுவின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் வாள்வீச்சுக்காரர். பாடகர் எல்டன் ஜான் ஒரு படி மேலே போய் வாட்ஃபோர்டு ஃபுட்பால் அணிக்குத் தலைவரே ஆனார். நாலாம் பிரிவில் கிடந்த அணி 1982ல் முதல் பிரிவுக்கு ஏறியது.

டிரம்ஸ் வாசிப்பது விளையாட்டில் சேருமா?

உடம்பைக் கேட்டால் சேரும் என்று சொல்லும். ப்ளாண்டி குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்கை இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கச்சேரியின்போதே அளந்து பார்த்தார்கள். நாடித்துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 140லிருந்து 150, உச்சத்தில் 190. ஃபுட்பால்காரனுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம். சுற்றுப்பயணத்தில் இருக்கிற டிரம்மருக்குத் தினம் தினம் ஃபைனல்.

பெரிய ராக் கச்சேரி பார்க்க எங்கே போவீர்கள்?

பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். ரயிலோ பஸ்ஸோ, தர்மபுரி, ஓசூர் என்று ஒரே கோடு. 2007 மார்ச் 17 அங்கே அயர்ன் மெய்டன் வாசித்த இரவு. அந்தத் தேதி கிரிக்கெட் ரசிகர்களுக்கு வேறு காரணத்தால் நினைவிருக்கும். அதே இரவுதான் வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை, இந்தியா 191க்கு ஆல் அவுட், பங்களாதேஷ் ஐந்து விக்கெட்டில் ஜெயித்தது. தொண்டை கட்டிப்போய் ஊர் திரும்பிய பசங்களுக்கு டீக்கடையில் ஸ்கோர் கேட்கக்கூடக் குரல் இல்லை. சந்தோஷமும் துக்கமும் ஒரே ராத்திரியில். 2011 அக்டோபரில் மெட்டாலிகாவும் அங்கேதான் வந்தது. அதற்கு முன் டெல்லி பக்கத்தில் வைத்திருந்த நிகழ்ச்சி ரத்தாகி, ரசிகர்கள் மேடையைப் பிய்த்துப் போட்டார்கள். பெங்களூர் தப்பித்தது.

போவதாக இருந்தால் ஒரு யோசனை: திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், கச்சேரி டிக்கெட்டை அப்புறம் எடுங்கள்.

தமிழில் ராக் உண்டா?

உண்டு. இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற கிட்டார்காரர். அவருடைய எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், ஒரு வாரம் ஓடும். குழுவாக என்றால் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018ல் சென்னையில் முதல் மேடை. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில்; சொல்ல வந்ததையும் பயப்படாமல் சொன்னார்கள். மேற்கத்திய குழுவைப் போலவே முடி வளர்த்து அதே உச்சரிப்பில் பாடுகிற குழுக்களைவிட இவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஏற்காடு மலை ஏறும்போது என்ன பாட்டு கேட்கலாம்?

வண்டி ஓட்டுகிறவர் எதுவும் கேட்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு. எதிரே வருகிற பஸ்ஸின் ஹாரன்தான் முக்கியமான பாட்டு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறுகிற பையன்களைப் பார்த்தால் ராக் ரசிகனான எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் கேட்கலாம், மெதுவாக. விடிகாலையில் அடிவாரத்திலிருந்து சைக்கிள் மிதித்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கடக்கும்போது ஜன்னலை இறக்கி இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போங்கள்.

கடைசியாக: கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஓடவும் முடியாது. எனக்கு ஏதாவது போட்டி உண்டா?

உண்டு. ஏர் கிட்டார் உலக சாம்பியன்ஷிப். பின்லாந்தின் ஔலு நகரத்தில் 1996லிருந்து நடக்கிறது. கையில் கிட்டார் இருக்கக் கூடாது, இருப்பது போல வாசிக்க வேண்டும். அறுபது நொடி, இரண்டு சுற்று: முதலில் உங்கள் பாட்டு, இரண்டாவது அவர்கள் போடுகிற பாட்டு. பழைய ஸ்கேட்டிங் போட்டி போல நான்கிலிருந்து ஆறு வரைக்கும் மதிப்பெண். சேலத்திலிருந்து யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள். வழிக்குத் தட்டுவடை கட்டித் தருவது என் பொறுப்பு. சட்னி மட்டும் விமானத்தில் விடுவார்களா என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.